கரைத்த மாவா, பிஸ்கட்டா, கேக் மிக்ஸா? அலமாரியில் இருப்பதை வைத்து ஒரு பீச் காப்ளர்

ஓவனில் வைக்கும் பழ இனிப்புகளில் காப்ளர் அளவுக்குக் கைவேலை குறைந்தது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பை (pie) செய்ய வேண்டுமென்றால் மாவைப் பிசைந்து, குளிரவைத்து, தேய்த்து, ஓரம் மடிக்க வேண்டும். இதில் பழமும் மாவும் ஒரே தட்டில் போய்ச் சேர்ந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், செய்முறை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் ஒரே பெயரில் மூன்று பண்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, மாவும் சர்க்கரையும் பாலும் ஒவ்வொரு கப் எடுத்துக் கரைத்து, உருகிய வெண்ணெய் மேல் ஊற்றி, அதன் மேல் பழத்தைப் போடுவது. வேகும்போது மாவு பழத்தைச் சுற்றி மேலே எழும்பி வந்துவிடும். இரண்டாவது, பழத்தை அடியில் பரப்பி, மேலே பிஸ்கட் மாவைக் கரண்டி கரண்டியாக வைப்பது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் காலை உணவுக்குச் சாப்பிடும் அந்த மெத்தென்ற பிஸ்கட்டைச் சொல்கிறேன். மூன்றாவது, டின் பழத்தைக் கொட்டி, அதன் மேல் மஞ்சள் கேக் மிக்ஸ் பெட்டியை அப்படியே தூவி, வெண்ணெய் போட்டு உள்ளே தள்ளுவது. இதற்கு டம்ப் கேக் என்று தனிப்பெயர் உண்டு. ஆனாலும் அட்லாண்டா பக்கத்து விருந்துகளில் இதையும் காப்ளர் என்று சொல்லித்தான் நீட்டுகிறார்கள்.

மூன்றும் என் சமையலறையில் நடந்திருக்கின்றன. இப்போது நான் செய்வது முதலாவது மட்டும். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்ஸ் தூவிச் செய்யும் கிரிஸ்ப் வகையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நல்ல பண்டம்தான், ஆனால் அது வேறு இனம்.

செலவு, நேரம், பாத்திரம் இவற்றில் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் வெந்துவிடும், மூன்றுக்கும் ஒரு தட்டு போதும். கேக் மிக்ஸ் வழியில் கழுவ ஒரு கிண்ணம் குறையும். பிஸ்கட் வழியில் குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரலால் உதிர்க்கும் வேலை கூடும். பிஸ்குவிக் பெட்டி வீட்டில் இருந்தால் அந்த வேலையும் இல்லை. 1931-இல் கடைக்கு வந்த அந்த மாவில் கொழுப்பும் பேக்கிங் பவுடரும் முன்பே கலந்திருக்கும், பால் ஊற்றினால் போதும். இதையெல்லாம் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தேர்வை முடிவு செய்வது பழத்தின் சாறு.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவுக்கு பீச் மாநிலம் என்று பெயர், கார் நம்பர் பலகையிலும் பீச் படம்தான். ஆனால் விளைச்சலில் கலிபோர்னியா எங்கோ முன்னால் நிற்கிறது, பக்கத்து தென் கரோலினாகூட ஜார்ஜியாவைவிட அதிகம் விளைவிக்கிறது. உள்ளூர்ப் பழம் மே நடுவில் வரத் தொடங்கி ஆகஸ்டில் ஓய்ந்துவிடும். 2023-இல் குளிர்காலம் போதிய குளிரில்லாமல் போனது. பூத்த பிறகு உறைபனி வேறு விழுந்து ஜார்ஜியா விளைச்சலில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஆக வருஷத்தில் முக்கால்வாசி நாள் 'வீட்டில் இருக்கும் பழம்' என்றால் டின்னில் இருப்பது, அல்லது ஃப்ரீசரில் இருப்பது.

டின் பழம், ஃப்ரீசர் பழம், புதுப்பழம் மூன்றும் சாறு விடும் விதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. டின் பீச் கொட்டையோடு சதை ஒட்டியிருக்கும் ரகம், பெரும்பாலும் கலிபோர்னியாவில் விளைவது. சதை கெட்டி, ஏற்கெனவே வெந்தது, அதனால் இனிமேல் அதிகம் சாறு விடாது. விட வேண்டியதெல்லாம் சிரப்பாகப் பக்கத்திலேயே நிற்கிறது. ஃப்ரீசர் பழம் நேர்மாறு. உறையும்போது உள்ளே செல்கள் உடைந்திருக்கும், சூடு பட்டதும் குபுகுபுவென்று விடும், அதுவும் பிளாக்பெர்ரி என்றால் கேட்கவே வேண்டாம். புதுப்பழமோ அன்றன்றைக்கு ஒரு மாதிரி. ஜூன் கடைசியில் கனிந்த பழம் கையில் எடுத்தாலே சொட்டும், மே மாதத்துக் காய்ப்பழம் சர்க்கரை போட்டு ஊறவைத்தாலும் அசையாது.

இப்போது பிஸ்கட் காப்ளரைப் பாருங்கள். சாறு முழுக்க அடியிலேயே நிற்கிறது, மேலே இருக்கும் மாவு அதைத் தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. ஆகவே சாற்றைக் கெட்டியாக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. டின் பழமென்றால் சிரப்பை வடித்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி கார்ன் ஸ்டார்ச் போதும். ஃப்ரீசர் பெர்ரி என்றால் மூன்று வேண்டியிருக்கும். புதுப்பழத்துக்கு நடுவில் எங்கேயோ. அளவு குறைந்தால் ரசம், கூடினால் பசை. அதோடு முடியவில்லை. கார்ன் ஸ்டார்ச் கொதிநிலையை நெருங்கினால்தான் கெட்டியாகும். பழம் கொதிப்பதற்குள் மேலே பிஸ்கட் சிவந்துவிடும். நம்பி வெளியே எடுத்தால் தலை பொன்னிறமாக இருக்கும், அடி பச்சை மாவாகப் பிசுபிசுக்கும். இதற்குத் தீர்வு பழத்தை மட்டும் முதலில் ஓவனில் வைத்துக் கொதிக்கவிட்டு, பிறகு மேலே மாவை வைப்பது. நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் சுலபம் என்று சொல்லித்தானே இந்தப் பக்கம் வந்தோம்?

கேக் மிக்ஸுக்குப் பிரச்சினை தலைகீழ். தூவிய பொடி ஈரத்துக்காகக் காத்திருக்கிறது. கீழிருந்து சாறும் மேலிருந்து வெண்ணெயும் வந்து சேரும் இடம் மட்டும் கேக் ஆகும். சேராத இடம் வெள்ளைத் திட்டாக, வாயில் போட்டால் பொடியாகவே இருக்கும். அதனால் டின் சிரப்பை ஒரு சொட்டு விடாமல் ஊற்ற வேண்டும். வெண்ணெயைத் துண்டு துண்டாக அங்கங்கே வைக்காமல் உருக்கிப் பரவலாக விட வேண்டும். சாறு விடாத காய்ப்பழத்தில் இதைச் செய்யவே கூடாது. இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய செய்முறைகளில் 'ஒரு பெட்டி' என்று இருப்பது 18.25 அவுன்ஸ் பெட்டி. அது 15.25 ஆகச் சுருங்கி, சில கம்பெனிகளிடம் இப்போது 13.25-இல் நிற்கிறது. விலை மட்டும் சுருங்கவில்லை. பழ அளவு அப்படியே, பொடி மட்டும் குறைந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

கரைத்த மாவு இந்த இரண்டு வம்புக்கும் போகாது. மாவு ஏற்கெனவே நனைந்திருப்பதால் அது சாற்றை எதிர்பார்த்து நிற்கவில்லை. பழத்தைச் சுற்றியே வேகுவதால், வரும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. டின்னை முழுதும் வடித்துவிட்டுப் போட்டால் கேக் சாயலில் வரும். பாதி சிரப்போடு போட்டால் நடுவில் கொஞ்சம் புட்டிங் பதம். முழு சிரப்பையும் கவிழ்த்தால் நடு கொழகொழவென்று இருக்கும், கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். மூன்றுமே சாப்பிடத் தகுந்தவை. கார்ன் ஸ்டார்ச் என்ற பேச்சே இல்லை. எந்தப் பழம் கையில் சிக்கும் என்று தெரியாமல் செய்கிற பண்டத்துக்கு இந்தப் பொறுமைதான் வேண்டும். மற்ற இரண்டையும் நான் விட்டதற்குக் காரணம் இது ஒன்றே.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 175 செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். 9-க்கு 13 அங்குல அலுமினியத் தட்டிலோ, 10 அல்லது 12 அங்குல இரும்புச் சட்டியிலோ ஒரு ஸ்டிக் வெண்ணெய், அதாவது 113 கிராம், போட்டு உள்ளே வைத்து உருக்குங்கள். கருக விடாதீர்கள். அதற்குள் ஒரு கப் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்தது), ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால் மூன்றையும் கட்டியில்லாமல் கலக்குங்கள். உருகிய வெண்ணெய் மேல் ஊற்றுங்கள். 29 அவுன்ஸ் டின் பீச் ஒன்று, அல்லது 15 அவுன்ஸ் டின் இரண்டு, பாதி சிரப்போடு மேலே பரப்புங்கள். கிளறக்கூடாது. வெண்ணெய் ஓரங்களில் மேலேறி மாவைப் பொரிப்பதால்தான் விளிம்பு தோசை முறுகல் மாதிரி வருகிறது. கிளறிவிட்டால் வெண்ணெய் மாவுக்குள் போய், கனமான கேக் ஒன்றுதான் மிஞ்சும். 45 முதல் 55 நிமிடம். ஃப்ரீசர் பழமென்றால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூட வைக்க வேண்டும். பொங்கி வழிந்தால் ஓவன் அடி கருகி வீடெல்லாம் புகையும் என்பதால் கீழே ஒரு பேக்கிங் ஷீட் போட்டுவையுங்கள்.

கண்ணாடித் தட்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வெண்ணெயோடு நன்றாகச் சூடேறிய கண்ணாடியில் ஃப்ரிட்ஜ் பாலில் கரைத்த மாவும் உறைந்த பழமும் விழுந்தால் விரிசல் விடலாம், வெடிக்கவும் செய்யலாம். கண்ணாடிதான் இருக்கிறது என்றால் வெண்ணெயை மைக்ரோவேவில் உருக்கிச் சூடில்லாத தட்டில் ஊற்றுங்கள். முறுகல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

செல்ஃப் ரைசிங் மாவு இல்லையா? ஒரு கப் ஆல் பர்ப்பஸ் மாவுக்கு, அதாவது மைதாவுக்கு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. இரண்டும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தென்மாநிலத்து செல்ஃப் ரைசிங் மாவு மென்மையான குளிர்காலக் கோதுமையில் அரைத்தது, புரதம் குறைவு, அதனால் பண்டம் இன்னும் இளக்கமாக வரும். 1883-இல் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு இங்கே பாட்டிமார்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். ஆனால் அலமாரியில் ஒரு வருஷம் கிடந்த செல்ஃப் ரைசிங் பையைவிடப் புது மைதாவும் புது பேக்கிங் பவுடரும் எவ்வளவோ மேல். வெந்நீரில் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்க்கரை ஒரு கப் நமக்குத் திகட்டும், அதிலும் கெட்டி சிரப் டின் என்றால். முக்கால் கப் போடலாம். அரைக்குக் கீழே போகாதீர்கள், மேல் தோல் வெளுத்துத் துவண்டுபோகும். இனிப்பைக் குறைக்க வேண்டுமென்றால் பழரசத்தில் போட்ட டின்னை வாங்குவது நல்ல வழி. பட்டைத்தூளுக்குப் பதில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் பீச்சுக்கு நன்றாகவே ஒட்டுகிறது.

ஃபோர்ட் வேலி ஊரில் நடக்கும் ஜார்ஜியா பீச் திருவிழாவில் 11 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு காப்ளர் சுடுவார்கள். அதற்கு மாவு 150 பவுண்ட், சர்க்கரையும் 150 பவுண்ட், பால் 32 காலன். கப் கணக்கில் மாற்றிப் பாருங்கள், மாவும் பாலும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும், சர்க்கரை மட்டும் குறைவு. ஊருக்கே சமைக்கிறவர்களும் கரைத்த மாவைத்தான் நம்புகிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

முட்டை விஷயமும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா எதை நீட்டினாலும் "ஏண்டி, இதுல முட்டை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். கரைத்த மாவில் இருப்பதெல்லாம் நம் கையால் போட்டது, பதில் சொல்வது சுலபம். மற்ற இரண்டிலும் பொதுவாக முட்டை சேர்ப்பதில்லை, ஆனால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

பிஸ்கட் காப்ளர் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. ஜூன் கடைசியில், ஒரு கூடை பழம் கனிந்து மணக்கும்போது, பழத்தின் ருசி தனியாக நாக்கில் தெரிய வேண்டுமென்றால் அதுதான் சரி. கரைத்த மாவு பழத்தை விழுங்கிவிடும். டின் பழத்தில் விழுங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, நல்ல பழத்தில் அது நஷ்டம். பழத்தைக் கொதிக்கவைக்கும் அந்தக் கூடுதல் இருபது நிமிடத்தை அன்றைக்குக் கொடுக்கலாம். கேக் மிக்ஸுக்கு நான் விடும் இடம் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் சமையலறை. அளவுக் கப்கூட இல்லாமல் செய்துவிடலாம்.

மறுநாள் கதையில் கரைத்த மாவு கொஞ்சம் தோற்கும். ராத்திரியே முறுகல் இளகிவிடும், மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம். ஏர் ஃப்ரையரிலோ ஓவனிலோ பத்து நிமிடம் காட்டினால் ஓரளவு திரும்பி வரும். பிஸ்கட் இதில் சற்றுத் தேவலாம்.

குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத மாவு கலவைகளில் என் கை பழகவில்லை, அதனால் அதைப் பற்றிச் சிபாரிசு செய்ய மாட்டேன். பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால் ஊற்றினால் வருகிறது, நிறம் கொஞ்சம் மங்கல். உறைந்த மாம்பழத் துண்டுகளில் செய்தது ருசியாக இருந்தாலும் புளிப்பு பத்தாது. அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையைக் கால் கப் குறைத்தால் சரியாகும். இந்தியக் கடையில் வாங்கிய அல்போன்சா டின் கூழை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் துண்டு இல்லை, மாவு எழும்பிச் சூழ்ந்துகொள்ள ஒன்றும் கிடைக்காது. இரண்டும் கலந்து மஞ்சள் களியாகத்தான் வரும்.