உயிரியல் மாணவர்களுக்கான டேட்டா சயின்ஸ் அறிமுகப் பாடம்: ஆய்வகத்தில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

'எடுக்கலாமா?' என்று ஜூனியர்கள் விடாமல் கேட்பதால் எழுதுகிறேன். பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும்: ஆர் என்ற நிரல்மொழி, வரைபடங்கள், அடிப்படைப் புள்ளியியல், கடைசியில் கொஞ்சம் மெஷின் லேர்னிங். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

பெரிய குறை ஒன்றுதான். வகுப்புக்கு வரும் டேட்டா எல்லாமே தலை சீவிப் பொட்டு வைத்துத்தான் வருகிறது. ஐரிஸ் என்ற பூ அளவீட்டுப் பயிற்சி டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 150 பூக்கள், இனத்துக்கு 50, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. குழித் தட்டை அளக்கும் கருவியான பிளேட் ரீடர் தரும் ஃபைல் இப்படியா இருக்கும்? மேலே மெஷின் செட்டிங் வரிகள், அதற்குக் கீழே நேரம், வெப்பநிலை, பிறகு குழிக்கு ஒன்றாக ஏ1 முதல் எச்12 வரை 96 பத்திகள். அரை மணிக்கு ஓர் அளவீடு என்று 24 மணி நேரம் ஓட்டினால், தொடக்கத்தையும் சேர்த்து 49 வரிசை. வரிசைக்கு ஓர் அளவீடு என்று நீட்டினால் 4,704.

ஆரில் மேல் வரிகளை 'ஸ்கிப்' கொடுத்துத் தள்ள வேண்டும், பத்திகளை 'பிவட் லாங்கர்' போட்டு வரிசைகளாக நீட்ட வேண்டும், எந்தக் குழியில் எந்த மருந்து என்ற அட்டவணையை 'லெஃப்ட் ஜாயின்' போட்டு அதனுடன் இணைக்க வேண்டும். மூன்றே படிதான், சறுக்குவதும் இங்கேதான். அளவு எல்லை மீறிய குழிக்கு மெஷின் எண்ணுக்குப் பதில் 'ஓவர்ஃப்ளோ' என்று எழுதினால் அந்தப் பத்தி முழுவதும் எழுத்தாகிவிடும். எண்ணையும் எழுத்தையும் சேர்க்க மாட்டேன் என்று பிவட் லாங்கர் நின்றுவிடும். அது பரவாயில்லை, பிழையைக் காட்டிவிடுகிறது. ஓர் அட்டவணையில் 'ஏ1', இன்னொன்றில் 'ஏ01' என்று இருந்தால்தான் ஆபத்து. லெஃப்ட் ஜாயின் சத்தமே போடாமல் மருந்துப் பத்தியில் 'என்ஏ' (மதிப்பு இல்லை) என்று நிரப்பிவிடும். 1 முதல் 9 வரையுள்ள எண்கள் எதுவும் பொருந்தாது, அதாவது 96 குழிகளில் 72 போய்விடும். 10, 11, 12 மட்டும் பொருந்துவதால் வரைபடமும் வந்து நிற்கும், பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பொருந்தாத வரிசைகளைக் காட்டும் 'ஆன்டி ஜாயின்' ஒரு வரி போட்டிருந்தால் அத்தனையும் அப்போதே தெரிந்திருக்கும். அந்த ஒரு வரி பாடத்தில் எங்குமே இல்லை!

எக்செல் விஷயத்திலும் இதே கதைதான். 'தவிர்க்கவும்' என்று ஒரு ஸ்லைடு, அவ்வளவே. 'செப்ட்2' என்ற ஜீனை எக்செல் செப்டம்பர் 2 ஆக்கிவிடும், 'மார்ச்1' மார்ச் மாதத் தேதியாகிவிடும். இந்தத் தொல்லைக்காகவே ஹியூகோ ஜீன் பெயரீட்டுக் குழு அவற்றை 'செப்டின்2', 'மார்ச்எஃப்1' என்று மாற்றி, 2020 வழிகாட்டுதலில் அறிவித்தது. பழைய ஃபைல்களில் பழைய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. திறக்கும்போதே ஜீன் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று இறக்குமதி செய்ய வேண்டும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

புள்ளியியல் வாரங்களைப் பற்றிக் குறை சொல்ல வாயே வராது. எந்த வேறுபாடும் இல்லாத 20,000 ஜீன்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் ஓட்ட வைக்கிறார்கள். பி-மதிப்புக்கு (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05 எல்லை வைத்தால் சுமார் 1,000 ஜீன்கள் 'முக்கியமானவை' என்று வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பல சோதனைகள் ஓட்டும்போது பி-மதிப்பைத் திருத்த 1995-இல் வந்த பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறையைக் காட்டுகிறார்கள். அதன்பின் திருத்தாத பி-மதிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று எலி, எலிக்கு 50 செல் என்றால் மாதிரி அளவு 3 தான், 150 அல்ல என்பதையும் மறக்க முடியாதபடி மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். 344 பென்குயின் டேட்டாவில் அலகின் நீளமும் ஆழமும் மொத்தமாகப் பார்த்தால் எதிர்த்திசையில் போவதும், இனவாரியாகப் பிரித்தால் சேர்ந்தே ஏறுவதும் அருமையான பாடம்.

இத்தனை நல்லது இருந்தும், இப்போதுள்ள வடிவில் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்த டேட்டாவைத் திறக்கவே முடியாதவருக்குத் திருத்திய பி-மதிப்பு எதற்கு? கட்டாயப் பாடம் என்றால் வேறு வழியில்லை. ஆய்வகத்தின் பழைய பிளேட் ஃபைல் ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐரிஸுக்குச் செய்யச் சொல்லும் ஒவ்வொன்றையும் அதிலும் செய்யுங்கள். உடையும் இடத்தை டுட்டோரியலில் காட்டிக் கேளுங்கள். நடத்துபவர்களுக்கு விடை தெரியும், ஸ்லைடில்தான் இல்லை.