கூகுள் ஃபார்ம்ஸ்: ஊர்க் கருத்துக்கணிப்புக்குச் சில வருடம் பயன்படுத்திய அனுபவம்

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர் படிப்பகத்துக்கும், அப்புறம் பஸ், குடிதண்ணீர் என்று பொதுக்காரியங்களுக்கும் சில வருடங்களாக கூகுள் ஃபார்ம்ஸில்தான் (ஆன்லைனில் கேள்விப் படிவம் தயாரித்து லிங்க்காக அனுப்பும் வசதி) கருத்துக் கேட்டு வருகிறோம். காசு கிடையாது, ஒரு தடவை இணைத்துவிட்டால் பதில்கள் தானாகவே கூகுள் ஷீட்டில் (அட்டவணையில்) போய் விழுந்துவிடும், ஒரு ஊருக்கு இது தாராளம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பதிலைப் பொறுத்து வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி. (ஒரே விடையைத் தேர்வு செய்யும் கேள்விகளில்தான் இது வேலை செய்யும், பல விடைகளை டிக் பண்ணும் கேள்விகளில் கிடையாது.) எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டால் முதலில் நிரப்புகிறவர்கள் வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள்தான், அக்கறையில்தான் செய்கிறார்கள், ஆனால் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் கருத்து அதில் அமுங்கிப் போகும். அதனால் முதல் கேள்வியே 'இப்போது ஊரில் இருக்கிறீர்களா?' என்பதுதான், இல்லை என்றால் அவர்களுக்குத் தனிப் பகுதி.

'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதைப் போட்டால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் இடத்தில் மகன் நிரப்பிய பிறகு அம்மாவுக்கு வழியில்லை, நான் அதைப் போடுவதில்லை.

கேள்வியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 'பஸ் நேரத்துக்கு வருகிறதா, இடம் கிடைக்கிறதா?' என்று ஒன்றாகக் கேட்டால் 'ஆம்' எதற்கு என்றே தெரியாது, இரண்டாகப் பிரியுங்கள். 'திருப்தியா?' என்பதைவிட 'போன வாரம் எத்தனை நாள் கூட்டத்தால் ஏற முடியவில்லை?' என்று கேட்டால் அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்ட ஏதாவது கையில் இருக்கும்.

லிங்க் போய்ச் சேராதவர்கள் பற்றி யோசிக்காமல் எத்தனை பதில் வந்தும் பிரயோஜனமில்லை. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது, வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள், ஆனால் எதிரே நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். எங்கள் படிப்பகம் எப்போது திறக்க வேண்டும் என்று கேட்டபோதும் ஆன்லைனில் வந்தவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் என்றார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களை நேரில் கேட்டால், விடியுமுன் எழுந்து ராத்திரி சீக்கிரம் படுக்கிறவர்கள், மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்தால் வருவோம் என்றார்கள். நேரில் கேட்பதையும் அதே ஃபார்மில் ஏற்றி, 'நேரில் கேட்டது' என்று ஒரு குறி போட்டு வைக்கிறோம், இரண்டு கூட்டத்தையும் ஷீட்டில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.