மூன்றரை வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரும் நான் கட்டிய ஹார்ன் ஸ்பீக்கரும்: ஆறு வருடம் கேட்ட பிறகு

2018 கடைசியில் கட்டி முடித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது பாடியிருக்கும். கட்டிய புதிதில் எழுதியிருந்தால் ஹார்னைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது சொல்லத் தோன்றுவது வேறு. சத்தமாகக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் கட்டினேன், ஆனால் இதன் முழுப் பலனும் ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் தெரிகிறது.

ஆம்ப்ளிஃபயர் 2ஏ3 என்ற வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழல்) போட்ட சிங்கிள் எண்டட், அதாவது முழு ஒலி அலையையும் ஒரே வால்வு தாங்கும் வகை. இடது, வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றரை வாட். முன்பு இருந்த ஸ்பீக்கர் 86 டெசிபல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86. குரலும் வீணையும் அழகாக வரும், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் சதசதவென்று ஆகிவிடும். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும், அதாவது 35 வாட். அந்த ஆம்ப்ளிஃபயரை விட மனசில்லாததால், அதே 1 வாட்டில் 96 டெசிபல் தரும் ஹார்ன் ஸ்பீக்கருக்கு மாறினேன்.

இதில் புதுசு எதுவும் இல்லை. 1920களின் கடைசியில் சினிமா பேச ஆரம்பித்தபோது வால்வுகள் கொடுத்ததே சில வாட்தான், அதை வைத்து ஒரு தியேட்டரையே நிரப்ப வேண்டியிருந்தது, அதனால்தான் அந்தக் காலத்துத் தியேட்டர் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் ஹார்ன், அதாவது குறைந்த வாட்டிலேயே அதிகச் சத்தம் தரும், வாய் விரிந்த குழாய். இன்றைக்கும் எல்லாரும் கொண்டாடும் 300பி வால்வை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1938இல் கொண்டுவந்தது, அது தருவதே சுமார் 8 வாட். நான் பின்பற்றியது 1970களில் வந்த ஆல்டெக் மாடல் 19 ஸ்பீக்கரின் வழி: கீழே 15 அங்குல வூஃபர், மேலே கம்ப்ரஷன் டிரைவரும் (ஹார்னுக்குள் ஒலியைத் தள்ளும் பாகம்) ஹார்னும், 1200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது வூஃபருக்கு, மேலே உள்ளது ஹார்னுக்கு. நம்மூர் மைக் செட்காரர்கள் யூனிட் என்று சொல்வதும் இந்த வகை டிரைவரைத்தான். வீட்டில் "கல்யாண வீட்டுக் குழாயை ஹாலில் மாட்டப் போறீங்களா" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அந்தக் குழாயும் இதே தத்துவம்தான்.

ஹார்னை மரத்தில் செய்தேன். 400 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட டிராக்ட்ரிக்ஸ் என்ற கணித வளைவு, வாய் 27 சென்டிமீட்டர் விட்டம், நீளம் 28. கோயம்புத்தூரில் இருப்பதால் ஒரு வசதி, பம்பு வார்ப்படத்துக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிற பட்டறைகள் இங்கே உண்டு. கணபதி பகுதியில் ஒரு பெரியவரிடம் போனேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 16 வளையங்கள் வெட்டி, ஒட்டி, கடைசலில் பிடித்து, நான் அட்டையில் வெட்டிக் கொடுத்த வளைவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே வைத்து வைத்துப் பார்த்தே கடைந்தார். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாத வரைக்கும் விடவில்லை. முடித்துவிட்டு, "என்னுங்க தம்பி, நாதஸ்வரத்து வாயாட்ட இருக்குதுங்க" என்றார். சரியாகவே சொன்னார். நாகசுரத்தின் விரிந்த அடிவாயான அணசு செய்கிற வேலையும் அதுதானே, சின்ன இடத்தில் பிறக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து வெளிக்காற்றிடம் ஒப்படைக்கிறது.

ஹார்ன் செய்தது இரண்டு வாரம். மீதியைச் சரிசெய்ய இரண்டு வருடம் ஆனது.

முதல் தொல்லை இரைச்சல். பழைய ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம், 96 டெசிபல் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. அளந்தால் அவுட்புட்டில் 3 மில்லிவோல்ட். 2ஏ3இல் சூடாகும் கம்பியான ஃபிலமென்ட்டே எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடும்கூட, அதை ஏசியில் சூடாக்கினால் கொஞ்சம் ரீங்காரம் வரத்தான் செய்யும். ரீங்காரத்தைக் குறைக்கும் குமிழைப் (ஹம் பாட்) பொறுமையாகத் திருப்பி வைத்தது, பவர் சப்ளையில் இன்னொரு சோக்கும் கன்டென்சரும் சேர்த்தது, டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி மாட்டியது, எல்லாம் சேர்ந்து 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தது. இப்போது வூஃபரில் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். ஸ்பீக்கர் கட்ட நினைப்பவர்கள் முதலில் இதை அளந்துவிடுங்கள், பிளைவுட் வாங்கக் கடைக்குப் போவதெல்லாம் அப்புறம்.

அடுத்தது பாஸ். இங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். வூஃபரின் க்யூடிஎஸ், அதாவது அதிரும் கோன் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று காட்டும் எண், 0.3, அதை வைத்து 130 லிட்டர் பெட்டியை 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தேன், கம்ப்யூட்டரில் வரைபடம் நேர்கோடு மாதிரி வந்தது. அந்தக் கணக்கு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு. தன் தப்பைத் தானே திருத்தும் ஃபீட்பேக் சுற்று இல்லாத என் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் எதிர்ப்பு 2.5 ஓம், வூஃபர் காயிலின் எதிர்ப்பு 6 ஓம், ஆகவே கோனைப் பிடித்து நிறுத்தும் பிடி தளர்ந்து, 0.3 என்பது 0.42 போல நடந்துகொள்கிறது. இதற்கு மேல், வூஃபருக்கும் ஹார்னுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றில் நான் போட்டிருந்த மெல்லிய கம்பிக் காயிலில் இன்னும் ஒரு ஓம். தம்புரா வந்தாலே பானைக்குள் வாசிப்பது போல இருந்தது. 1.5 மில்லிஹென்றி காயிலைத் தடித்த கம்பியில் மறுபடி சுற்றினேன், பெட்டியில் காற்று போய்வரும் போர்ட் குழாயை நீட்டி டியூனிங்கை 36 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். பானை போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் தனித்தனிப் பொருளாக நினைத்தால் இந்த வேலையில் தோற்றுவிடுவோம்.

ஹார்னோடு சேர்ந்த டிரைவர் 108 டெசிபல் வரும், வூஃபரோ 96. நடுவில் 12 டெசிபலைக் குறைக்க எல்-பேட் என்ற இரண்டு ரெசிஸ்டர் ஜோடி: தொடரில் 6 ஓம், குறுக்கே 2.7 ஓம். இப்படி வீணடிப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அந்த மேல் சுரங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வெறும் மில்லிவாட்தான் கொடுக்கிறது, உஸ் சத்தமும் கூடவே 12 டெசிபல் இறங்குகிறது. பிறகு வூஃபர் சத்தமும் ஹார்ன் சத்தமும் ஒன்றோடொன்று இசைந்து வர, ஹார்னைப் பெட்டிமேல் தளர்வாக வைத்து, டிரைவர் ஒயரைத் தலைகீழாக மாற்றி, 1200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஓர் இடத்தில் சத்தம் திடீரென்று குழிக்குள் விழுந்தது போல ஆனது. அந்த இடத்தில் நிறுத்தி ஒயரைச் சரியாக மாற்றினால் வேலை முடிந்தது. வாய் பெட்டியைவிட நாலு விரற்கடை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கச் சுமார்தான், காதுக்கு அதுதான் சரி.

பழுது என்று பார்த்தால், மூன்றாவது கோடையில் ஒரு ஹார்னின் ஒட்டில் மயிரிழை விரிசல் விட்டது, அதே பெரியவர் பசை இறக்கிச் சரிசெய்து கொடுத்தார். டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான டயஃப்ரம் ஒன்று போனது. தபாலில் வரவழைத்த மாற்று டயஃப்ரம் 8 ஓம் என்று எழுதிய பெட்டிக்குள் 16 ஓமாக இருந்தது, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை, மீட்டர் வைத்துப் பார்க்கும் வரை இடது பக்கக் குரல் ஏன் நிறம் மாறுகிறது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வால்வு ஒரே ஒரு முறை மாற்றினேன். 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதில் பெரிதாக எதுவும் கிடையாது, சினிமா பார்த்து சோபா அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம்.

ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாகசுரப் பதிவு ஒன்றை இதில் கேட்க வேண்டும். தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பு அப்படியே வரும், அதைத் தாண்டி வாத்தியம் அறைக்குள் நிற்கும். வால்யூம் குமிழ் கடிகார முள் எட்டு மணி காட்டும் நிலையில், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற அளவு சத்தத்தில், சீவாளியில் காற்று பிடிக்கிற அந்தக் கணம்கூட விட்டுப்போவதில்லை. பழைய ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

போன மாதம் ஹாலில் புத்தக அலமாரியும் தடித்த திரையும் வந்ததில் மேல் சுரங்கள் கொஞ்சம் அமுங்கின. எல்-பேடில் 2.7 ஓமை எடுத்துவிட்டு 3.3 போட்டேன், ஏறக்குறைய 1 டெசிபல் கூடியது. இரண்டு வாரமாகக் கேட்கிறேன், வயலினுக்கு இது சரி, ஜாலராவுக்குத் துளி அதிகமோ என்று சந்தேகம், 3 ஓம் ரெசிஸ்டர் வரச் சொல்லியிருக்கிறேன்.