நெரிசல் ஊருக்கு டிசிடியா, டார்க் கன்வெர்ட்டரா?

வண்டி தினமும் சென்னையின் கத்திப்பாராவிலும் ஓஎம்ஆரிலும் ஊரப்போகிறது என்றால் என் ஓட்டு டிசிடிக்கு (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) அல்ல, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்குத்தான் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக எஞ்சின் விசையைக் கடத்தும் ரகம்). நான் எடுத்ததும் அதுவே என்பதால், கொஞ்சம் சாய்வு இருக்கும்.

மேனுவலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு. கிளட்ச் போனால் பேட்டை மெக்கானிக்கே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றித் தந்துவிடுவார். இடது முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிசிடியின் வேகத்தில் குறையே இல்லை. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் ஓடும்போதே நான்கு கோத்துத் தயாராக இருக்கும். இழுவை விடாமல் மாறும். திருச்சி நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அதன் அருமை தெரியும்.

சிக்கல் சூட்டில் வருகிறது. வண்டி ஊரும்போது எஞ்சின் வேகத்துக்கும் சக்கர வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எதுவோ ஒன்று வழுக்கித் தாங்கியாக வேண்டும். டார்க் கன்வெர்ட்டரில் அந்த வழுக்கல் எண்ணெயில் நடக்கிறது. சூட்டைக் கூலர் வாங்கிக்கொள்ளும், தேய்மானம் கிடையாது. டிரை கிளட்ச் டிசிடியில் கிளட்ச் லைனிங்தான் (உராயும் மேற்பரப்பு) வழுக்குகிறது, அதை ஆற்றக் காற்று மட்டுமே உண்டு. நெரிசலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவினால் இரண்டு கிளட்சும் கொதிக்கும். முதலில் கிளம்பும்போது உதறல், பிறகு மேட்டில் ரிவர்ஸ் எடுக்கையில் அதிர்வு, கடைசியில் டேஷ்போர்டில் சூட்டு எச்சரிக்கை. மாற்றும் வேலையும் லேசானதல்ல: ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 என்ற டிரை கிளட்ச் டிசிடி பெட்டியில் இடைவெளி அளந்து, பொருத்தமான ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, ஸ்கேனரில் அடாப்டேஷன் (புது கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்குப் பழக்குவது) ஓட்டவேண்டும். இதே பெட்டிக்காக 2013-ல் அந்நிறுவனம் உலகம் முழுக்கக் கார்களைத் திரும்ப அழைத்து, கியர்களுக்கான செயற்கை எண்ணெயை வடித்து மினரல் எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அந்தச் செயற்கை எண்ணெயால் மின்பழுது வந்ததே காரணம். சென்னைக்காரர் கவனிக்க வேண்டிய சங்கதி.

வெட் கிளட்ச் டிசிடி வேறு ரகம். எண்ணெயில் மூழ்கியிருப்பதால் சூடு தாங்கும். டாடா அல்ட்ராஸில் 2022-ல் வந்தது அதுதான். ஆனால் நம் ஊர்ச் சிறிய கார்களில் அது வந்து அதிக காலம் ஆகவில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டியபின் எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

டார்க் கன்வெர்ட்டருக்கும் செலவு உண்டு. ‘ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்றவே வேண்டாம்’ என்பதை நம்பாதீர்கள். 60,000 கி.மீ. வாக்கில் மாற்றுவது நல்லது. வடித்தால் பாதியளவுதான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். கம்பெனி சொன்ன ஸ்பெக் எண்ணெய் மட்டுமே. மாறினால் கியர் இடித்து விழும்.

டிசிடிதான் வேண்டும் என்பவர்கள் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். முன்னால் இரண்டு மூன்று கார் இடம் விட்டு, பிரேக்கை முழுதாக விட்டு ஒரேயடியாகப் போங்கள். மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது, பிரேக் போடுங்கள். பழைய டிசிடி வாங்கினால் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடேறியபின் மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். உதறினால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.