நிலைத்த சாலைப் போக்குவரத்து மாதிரியை இயங்கு மாதிரியாக்குதல்: மூன்று வழிகள்

மணிக்கு 2,000 வாகனங்களை மட்டுமே கடத்தக்கூடிய, 1 கிலோமீட்டர் நீளமுள்ள இருதடச் சாலைக்குள் ஒரு மணி நேரத்தில் 2,400 வாகனங்கள் நுழைய வருவதாகக் கொள்வோம். முழு மணி நேரத்தையும் ஒரே சராசரியாகப் பார்க்கும் நிலைத்த மாதிரிகளில் 1964 முதல் வழங்கிவரும் அமெரிக்கப் பொதுச்சாலைத் துறையின் சூத்திரம், நெரிசலற்ற வேளையில் 1 நிமிடம் பிடிக்கும் பயணம் 1.31 நிமிடமாகும் என்று கணக்கிட்டு, 2,400 வாகனங்களையும் மறுமுனையில் இறக்கிவிடும். உண்மையில் 400 வாகனங்கள் தேங்கும்; கடைசி வாகனம் 12 நிமிடம் காத்திருக்கும்; வாகனத்துக்கு 7 மீட்டர் வீதம், இரு தடங்களிலும் பிரிந்து நிற்கும் வரிசை 1.4 கிலோமீட்டர் நீண்டு, பின்னாலுள்ள சந்திப்பையும் அடைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய, நேரம் நகர நகர ஓட்டம் மாறுவதைக் கணக்கிடும் இயங்கு மாதிரி வேண்டும். அதற்கான வழிகளில் எளியது, உச்ச நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பழைய கணக்கையே ஓட்டி, மிஞ்சிய வாகனங்களை அடுத்த துண்டுக்குத் தள்ளுவதாகும். சாலை வலைப்பின்னலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்ளலாம். கணக்கும் விரைவில் முடியும். ஆனால், தேங்கிய வாகனங்கள் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் அடுக்கப்படுவதால், பின்சந்திப்பு அடைபடுவது இதில் தெரியாது. நீண்டகாலத் திட்டங்களை ஒப்பிட இது போதும்.

இரண்டாவது, லைட்ஹில், விதாம் ஆகியோர் 1955இலும் ரிச்சர்ட்ஸ் 1956இலும் முன்வைத்த, நெரிசல் சாலையில் அலைபோலப் பரவுவதாகக் கொள்ளும் அலைக் கோட்பாட்டின்படி ஓட்டத்தை நகர்த்துவது. சாலையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் தகான்ஸோவின் 1994ஆம் ஆண்டு முறையும், சாலையின் இரு முனைகளில் மட்டும் வாகனங்களை எண்ணிவரும் பிந்தைய முறையும் இவ்வகையின. வரிசைக்கு இங்கே நீளம் உண்டு. நகர அளவிலான நெரிசல் ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதையே. ஆனால் பழைய மாதிரியை இதற்கு மாற்றுவது எளிதன்று. நிலைத்த மாதிரியில் கொள்ளளவு, அதாவது சாலை மணிக்குக் கடத்தக்கூடிய வாகன எண்ணிக்கை, தாண்டக்கூடிய ஓர் எண். இங்கே அது சுவர். கணக்கிட்ட பயண நேரத்தைக் களத்தில் அளந்ததோடு ஒத்துப்போகச் செய்வதற்காக முன்பு யாரோ குறைத்துவைத்த கொள்ளளவு, இப்போது இல்லாத நெரிசலை உண்டாக்கும். ஒரு பேட்டையின் பயணங்கள் முழுவதையும் ஒரே சந்திப்பில் கொட்டும் கற்பனை இணைப்புகளும் அப்படியே. அவற்றைப் பிரித்து, சாலைகளின் நடுப்பகுதியில் சேர்க்க வேண்டும். மென்பொருளை மாற்றுவதைவிட இந்தத் திருத்தங்களே நாட்களைத் தின்னும்.

மூன்றாவதான நுண்பாவனை, ஒவ்வொரு வாகனமும் முன்செல்வதைப் பின்தொடர்வதையும் தடம் மாறுவதையும் தனித்தனியே கணக்கிடுகிறது. சிக்னல் நேரத்தையோ பேருந்துத் தடத்தையோ ஆராய இதற்கு நிகரில்லை. எனினும் முடிவுகள் தற்செயல் எண்களைச் சார்ந்திருப்பதால் பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

நிலைத்த மாதிரிக்கு உள்ள ஒரு வலிமையை மறந்துவிடலாகாது. பெக்மன் முதலியோர் 1956இல் தந்த வடிவத்தில், வழக்கமான நிபந்தனைகளின் கீழ், சாலைகளின் ஓட்டத்துக்கு ஒரே ஒரு சமநிலை, அதாவது யாரும் வழி மாறி நேரம் மிச்சப்படுத்த முடியாத நிலை, உண்டு. இயங்கு மாதிரிகளில் பொதுவாக அந்த உறுதி இல்லாததால், சிறு திட்டமொன்றின் பயன் கணக்கின் தள்ளாட்டத்திலேயே மூழ்கிவிடக்கூடும்.

இரண்டாம் வழியைத் தேர்ந்தவர்கள், மாற்றிய மாதிரியை முதலில் பாதி வாகனங்களுடன் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் ஓரிடத்தில் நீண்ட வரிசை நின்றால், பெரும்பாலும் அங்கே இருப்பது நெரிசலன்று, தரவுப் பிழை.