ஜீன் ரெஸ்ற்றுக்கு இரத்தம் எடுக்கிற லாப், 5க்கு 3 தான்

மகனுக்கு 7 வயசு. பிளேற்லெற் இறங்கும், வயித்தாலடி நிக்காது, இடைக்கிடை நிமோனியா, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கிளினிக்கா அலைஞ்சு களைச்சுப்போனம். கொழும்பில ஒரு டொக்டர்தான் எல்லாத்துக்கும் வேர் ஒண்டா இருக்கலாம், ஜீன் ரெஸ்ற் செய்யுங்கோ எண்டவர். ரவுணுக்க ஒரு லாப் இரத்தம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பினம் எண்டு கேள்விப்பட்டுப் போனனாங்கள், பேர் போடேல்லை, அங்க வேலை செய்யிற பிள்ளையள் பாவம்.

இரத்தம் எடுத்த தங்கச்சிக்கு முழு மார்க்ஸ். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுறவன், கதை குடுத்துக் குடுத்து ஒரே குத்தில ஊதா மூடி ரியூப் ரெண்டையும் நிரப்பிப்போட்டா.

மற்றதெல்லாம் இழுபறி. 4 கிழமை எண்டிச்சினம், 9 கிழமை போச்சு, போன் எடுத்தா "இன்னும் வரேல்லை அக்கா". கடைசியா இரவு 8 மணிக்கு வைபர்ல ஒரு பிடிஎவ் மட்டும் வந்திச்சு, முழுக்க இங்கிலீசு. விளங்கப்படுத்த ஆள் இல்லையாம். அண்டிரவு நானும் இவரும் நித்திரையே கொள்ளேல்லை.

பிறகு டொக்டர்தான் வடிவாச் சொன்னவர். எல்ஆர்பிஏ எண்ட ஜீனில பிழையாம், 2012லதான் இந்த வருத்தத்தையே கண்டுபிடிச்சவையாம். எங்கட வெள்ளை அணுக்களுக்கு சிரிஎல்ஏ4 எண்டு ஒரு பிறேக் இருக்கு, அந்தப் பிறேக்கை செல் தானே அரைச்சுத் தள்ளாமக் காப்பாத்துறது எல்ஆர்பிஏ. அது இல்லாட்டி பிறேக் போயிடும், அணுக்கள் சொந்த உடம்பையே அடிக்கும், ஆனா கிருமியோட சண்டை பிடிக்கிற அன்ரிபொடியும் குறையும். அபாரசெப்ற் எண்ட ஊசி அந்தப் பிறேக்கின்ர வேலையைச் செய்யுமாம், முதல் மூட்டுவாதத்துக்கு வந்த மருந்துதான். ரிப்போட் இல்லாட்டி அந்த யோசினையே வந்திராது, அதால காசு வீண் எண்டு சொல்லமாட்டன்.

என்ர மனுசன் எனக்குச் சொந்த மச்சான், மாமியின்ர மகன். ரெண்டுபேரிட்டயும் அந்த ஜீனின்ர பழுதான பிரதி ஒவ்வொண்டு, எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனா ரெண்டு பழுதும் சேர்ந்து வருத்தம் வர ஒவ்வொரு பிள்ளைக்கும் 25% வாய்ப்பு. மாமிக்கு இதைச் சொல்லேக்க அவ கண்ணூறு எண்டுதான் நிண்டவ.

என்ர பெரிய கோவம், தாய் தகப்பன்ர இரத்தமும் சேர்த்துக் குடுத்திருக்கலாம் எண்டு முதல்நாளே ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப எங்கட ரெண்டுபேரின்ரயும் சின்னவளின்ரயும் குடுக்கத் திரும்பப் போகவேணும். போறாக்கள் அதை முதலே கேளுங்கோ. வெறும் வயித்தோட போகவும் தேவையில்லை, நான் சும்மா பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு போனனான்.