கேமராவில் அளவெடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: அந்த '0.4 பிக்சல்' உங்களைக் காப்பாற்றாது

12 மீட்டர் இரும்பு ட்ரஸ்ஸை, அதாவது சட்டங்களை இணைத்துச் செய்த தாங்கியை, படமெடுத்தே அளந்து தருவதாகச் சொன்னார்கள். துல்லியம் 1 மி.மீ.யாம். படங்களை மென்பொருளில் கோத்து உருவாக்கிய 3டி மாடலைப் பணம் கட்டி வாங்கினால், அதில் நீளம் 22 மி.மீ. குறைவு. ஸ்டீல் டேப்பை இழுத்துப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. கேட்டால், ரிப்போர்ட்டில் பிழை 0.4 பிக்சல்தானே என்கிறார்கள். படங்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் சொல்லும் எண் அது. மாடல் மொத்தமாகச் சுருங்கினாலும் அது மாறாது.

ஸ்கேலுக்கு, அதாவது மாடலுக்கு உண்மையான அளவைக் கொடுக்க, அவர்கள் படத்தில் வைத்தது 30 செ.மீ. பிளாஸ்டிக் அடிக்கோல். முனையைக் குறிக்கையில் அரை மி.மீ. தவறினால் 600-ல் 1 பங்கு பிழை. 12 மீட்டரில் அது 20 மி.மீ.

அடுத்தது வளைவு. நூல் கட்டிப் பார்த்தால் நேராக நிற்கும் கீழ்ச்சட்டம், மாடலில் நடுவே 9 மி.மீ. வில்லாகியிருந்தது. ட்ரஸ்ஸை ஒட்டி நடந்துகொண்டே ஒரே வரிசையாக, ஒரே திசை பார்த்து எடுத்த படங்கள். அப்படி எடுத்தால் லென்ஸின் வளைவு எது, பொருளின் வளைவு எது என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது. படக் கோப்பிலேயே பதிவாகும் கேமரா விவரமான எக்ஸிஃபைத் திறந்தால் குவியத்தூரம் 18, 24, 35 மி.மீ. என்று தாவுகிறது, அதாவது ஜூமை மாற்றியிருக்கிறார்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே காலிப்ரேஷன் (லென்ஸின் தன்மையைக் கணக்கிட்ட அளவுகள்)!

கேமரா மேல் குற்றமில்லை. 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு 5 மீட்டரில் நின்றால், ஒரு பிக்சல் பொருளில் சுமார் 0.6 மி.மீ. டார்கெட் எனும் அடையாளக் குறிகளைப் பொருளில் ஒட்டினால், ஒரு பிக்சலையும் பகுத்து அளக்கலாம். ஆனால் லென்ஸ் அசையக் கூடாது. ஜூம் வேண்டாம். ஃபோகஸை மேனுவலில் வைத்து வளையத்தின் மேல் டேப் ஒட்ட வேண்டும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் ஆஃப், அது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி மையத்தை நகர்த்திவிடும். ஆஃப் செய்ததும் லென்ஸ் உள்ளே போகும் சின்ன கேமராக்கள் இந்த வேலைக்கு உதவாது. ஜேபெக்கில் கேமராவே செய்யும் லென்ஸ் திருத்தத்தையும் நிறுத்த வேண்டும். பல கோணங்களிலிருந்து எடுத்து, சில படங்களுக்குக் கேமராவை 90 டிகிரி திருப்ப வேண்டும்.

இன்னொன்று: 10 டிகிரி சூடேறினால் 12 மீட்டர் இரும்பு தானாகவே 1.4 மி.மீ. நீளும். 1 மி.மீ. என்று வாக்குக் கொடுத்தவர்கள் வெப்பநிலையைக் குறிக்கவே இல்லை.

ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்குங்கள்: ஒரிஜினல் படங்கள் அனைத்தும் வேண்டும், ஸ்கேலுக்குப் பயன்படுத்தாத மூன்று நீளங்களை, அதில் ஒன்று முழு நீளமாக, உங்கள் முன்னால் டேப்பில் அளந்து மாடலோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகே மீதிப் பணம். மறுக்கிறவர்களுக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.